டப்பாவைத் திறந்தால் விசிறியைக் காணோம்!

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். மெமரி எவ்வளவு? திரை எத்தனை அங்குலம்? கீ-போர்டும் மவுசும் சும்மா கொடுப்பீர்களா? ஆனால் கேட்கவேண்டிய ஒரு கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை.

"இதன் சூட்டை எது ஆற்றப் போகிறது?"

கம்ப்யூட்டரின் மூளை என்று சொல்லப்படும் புராசசர், கட்டை விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு சிலிக்கான் துண்டு. மேலே தெரிகிற உலோகத் தகடு அதன் மூடிதான். உள்ளே இருக்கும் துண்டு அவ்வளவுதான். இந்தச் சின்னத் துண்டு எவ்வளவு சூட்டைக் கக்குகிறது தெரியுமா?

வீட்டில் இருக்கும் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 750 வாட் பெட்டி. அடித்தகடு ஏறத்தாழ 200 சதுர சென்டி மீட்டர். ஒரு சதுர சென்டி மீட்டருக்குக் கணக்குப் போட்டால் 4 வாட் கூட வராது. அதற்கே சட்டை கருகிவிடுகிறது. 2022-ம் ஆண்டு வெளிவந்த இன்டெல் கம்பெனியின் கோர் ஐ-9 13900-கே புராசசரின் சிலிக்கான் துண்டு சுமார் இரண்டரை சதுர சென்டி மீட்டர். அது முழு மூச்சில் வேலை செய்யும்போது 253 வாட் வரை மின்சாரம் எடுத்துக்கொள்ளும் என்று கம்பெனியே சொல்கிறது. எடுத்துக்கொண்ட மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரவேண்டும். ஒரு சதுர சென்டி மீட்டருக்கு 100 வாட்! இஸ்திரிப் பெட்டியைப்போல் 25 மடங்கு!

இந்தச் சூட்டை நொடிக்கு நொடி இழுத்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் புராசசரின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் உலோகக் கட்டியும், அதன்மேல் சுற்றும் சின்ன விசிறியும். உலோகக் கட்டிக்கு ஹீட்சிங்க் என்று பெயர். இரண்டையும் சேர்த்துக் கடைகளில் கூலர் என்கிறார்கள். (மும்பையில் கூலர் என்றால் அறையில் வைக்கும் தண்ணீர் விசிறியைக் காட்டிவிடுவார்கள். சி.பி.யு. கூலர் என்று கேட்கவேண்டும்.)

ஒரு காலத்தில் புராசசர் வாங்கினால் இந்தக் கூலரும் அதே டப்பாவுக்குள் வரும். தனியாகக் காசு கிடையாது. இன்று விலை உயர்ந்த புராசசர் டப்பாக்கள் பலவற்றில் அது இல்லை. இருக்கிற டப்பாக்களிலும், அந்த விசிறி போதுமா என்பது வேறு கேள்வி.

தெரியாமல் போகும் நஷ்டம்

தாராவியில் குடியிருக்கும் ஒரு குமாஸ்தாவின் மகள் அனிமேஷன் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். இந்த நகரத்தில் அந்தத் தொழிலுக்கு வேலை இருக்கிறது. பெண் வீட்டிலேயே பழகவேண்டும் என்று அப்பா பி.எப். பணத்தில் அட்வான்ஸ் போடுகிறார். லாமிங்டன் ரோட்டுக்குப் போய், 'இருப்பதிலேயே பெரியது' என்று கேட்டு ஒரு ஐ-9 புராசசர் போட்ட மெஷினை வாங்கி வருகிறார்.

மெஷின் ஓடுகிறது. புகை வரவில்லை. நின்று போகவும் இல்லை. முதல் இரண்டு நிமிடம் படம் மளமளவென்று தயாராகிறது. அப்புறம் ஆமை வேகம். விசிறி மட்டும் மாவு மில் மாதிரி கத்துகிறது.

"அப்பா, காலேஜ் மெஷின் இதைவிட விலை கம்மி. அதுல சீக்கிரம் முடியுது, இதுல முடிய மாட்டேங்குது" என்று பெண் சொன்னால் அப்பாவுக்கு என்ன புரியும்? கடைக்காரரைக் கேட்டால், "சாப்ட்வேர் கோளாறாக இருக்கும்" என்று சொல்லிவிடுவார்.

கோளாறு சாப்ட்வேரில் இல்லை. இன்றைய புராசசர்கள் தங்கள் உடம்புச் சூட்டைத் தாங்களே அளந்துகொள்கின்றன. இன்டெல் புராசசர்கள் பலவற்றுக்கு 100 டிகிரி சென்டிகிரேடு எல்லை. அதைத் தொட்டால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் ஐ-9 விலை கொடுத்தவருக்குக் கிடைப்பது ஐ-5 வேலை. நடுவில் உள்ள பணம் எங்கே போயிற்று? காற்றோடு போயிற்று. அதுவும் சூடான காற்றோடு.

கருகிப் போயிருந்தால் கடைக்காரரோடு சண்டையாவது போடலாம். இது சத்தமில்லாமல் போகிற பணம். அதனால்தான் இந்த விஷயத்தை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

டபராவும் தாம்பாளமும்

ஹீட்சிங்க் செய்கிற வேலை நம் வீட்டில் தினமும் நடக்கிற வேலைதான். காபியைக் குறுகலான டம்ளரில் வைத்தால் ஆறாது. டபராவில் ஊற்றினால் ஆறுகிறது. புளியோதரைக்குச் சோற்றை வடித்ததும் தாம்பாளத்தில் பரப்பி, விசிறியால் விசிறுகிறார்கள் அல்லவா? பரப்பு கூடினால் காற்று அதிகம் படும். காற்று நகர்ந்தால் சூடு சீக்கிரம் போகும். இந்த இரண்டு விஷயங்களில் கூலர் முழுவதும் அடங்கிவிட்டது.

நகம் அளவுச் சூட்டை ஒரு கட்டி உலோகம் வாங்கிக்கொள்கிறது. அதிலிருந்து மெல்லிய தகடுகள் மரக்கிளைபோலப் பிரிகின்றன. தகடுகள் எல்லாவற்றையும் பிரித்துப் பரப்பினால் ஒரு பாய் அளவுக்கு வரும் கூலர்கள் உண்டு. அந்தத் தகடுகளுக்கு நடுவே விசிறி காற்றை அடிக்கிறது.

உலோகத்திலும் வித்தியாசம் இருக்கிறது. அலுமினியம் மலிவு, எடை குறைவு. செம்பு ஏறக்குறைய அதைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஆனால் விலையும் எடையும் அதிகம். எனவே டப்பாவோடு வரும் கூலர்களில் பெரும்பாலும் அலுமினியத் தகடு. கொஞ்சம் நல்ல ரகமாக இருந்தால் நடுவில் ஒரு செம்புக் கட்டி. கூலரைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் வட்டமாகச் செம்பு நிறம் தெரிகிறதா என்று பார்த்தாலே ரகம் தெரிந்துவிடும்.

இதைவிடப் பெரிய கூலர்களில் செம்புக் குழாய்கள் வளைந்து போவதைப் பார்க்கலாம். உள்ளே வெறும் குழாய் என்று நினைக்கவேண்டாம். காற்றை எடுத்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அடைத்திருப்பார்கள். அடியில் சூடு பட்டதும் தண்ணீர் ஆவியாகி மேலே ஓடும். தகடுகளுக்கு இடையே குளிர்ந்து மறுபடி தண்ணீராகிக் குழாயின் உட்சுவரில் உள்ள திரி போன்ற அமைப்பு வழியாகக் கீழே வரும். பம்பு கிடையாது, மின்சாரம் கிடையாது. அமெரிக்காவில் லாஸ் அலமாஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் 1963-ல் ஜார்ஜ் குரோவர் என்ற விஞ்ஞானி செய்து காட்டிய முறை இது. முதலில் விண்வெளிக்கலங்களுக்குப் பயன்பட்டது, பிறகு மேஜைக்கு வந்து சேர்ந்தது.

ரெயில் என்ஜினிலும் இதே கதைதான். டீசல் என்ஜின் கூரையில் ரேடியேட்டர் விசிறி சுற்றுகிறது. மின்சார என்ஜினில் மோட்டார்களுக்கும் டிரான்ஸ்பார்மர் எண்ணெய்க்கும் காற்றடிக்கத் தனித்தனி புளோயர் இருக்கிறது. புளோயர் நின்றால் என்ஜின் டிரைவர் வண்டியைக் கவனிக்கும் விதமே மாறிவிடும். கம்ப்யூட்டருக்கு டிரைவர் இல்லை. அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

விசிறி வந்த கதை

1971-ல் இன்டெல் கம்பெனி வெளியிட்ட முதல் மைக்ரோ புராசசர் 4004. அதில் 2 ஆயிரத்து 300 டிரான்சிஸ்டர்கள். விசிறியும் இல்லை, ஹீட்சிங்கும் இல்லை. 1980-களில் வந்த 286, 386 புராசசர்களும் பெரும்பாலும் மொட்டைத் தலையோடுதான் வேலை பார்த்தன. 1990-களின் தொடக்கத்தில் 486 வகை வேகம் பிடித்தபோது தலையில் தகடு ஏறியது. 1993-ல் வந்த முதல் பென்டியம் சுமார் 16 வாட் வரை சூடு கக்கியது. "இவ்வளவு சூடா!" என்று அன்று எல்லோரும் மூக்கில் விரல் வைத்தார்கள். விசிறி கட்டாயமாயிற்று.

அதற்குப் பிறகு இன்டெல்லுக்கும் ஏ.எம்.டி.க்கும் நடந்தது வேகப் போட்டி. வேகம் ஏற ஏறச் சூடும் ஏறியது.

2001-ல் ஒரு சோதனை உலகம் முழுவதும் பேசப்பட்டது. தாமஸ் பாப்ஸ்ட் என்ற ஜெர்மன் டாக்டர் தொடங்கிய கம்ப்யூட்டர் பரிசோதனைக் கூடம் அதைச் செய்தது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே புராசசரின் தலைமேல் இருக்கும் ஹீட்சிங்கைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். பென்டியம்-4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு உயிரோடு இருந்தது. பென்டியம்-3 உறைந்து நின்றது. மறுபடி கூலரை வைத்ததும் பிழைத்துக்கொண்டது. ஏ.எம்.டி.யின் அத்லான் என்ன ஆயிற்று? சில நொடிகளில் சூடு சுமார் 300 டிகிரிக்குப் போய்ப் புகை கிளம்பிக் கருகிவிட்டது. அந்த நாளில் அத்லானுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு போதுமானதாக இல்லை. அதன்பிறகு ஏ.எம்.டி.யும் திருத்திக்கொண்டது. இன்று எந்தப் புராசசரும் இப்படிக் கருகுவதில்லை.

கருகாமல் தப்பிய இன்டெல்லுக்கு வேறு விதத்தில் சூடு பிடித்தது. 2004-ல் பிரெஸ்காட் என்ற பெயரில் புதிய பென்டியம்-4 வந்தது. அதன் வேகமான ரகங்கள் 115 வாட். 4 ஜிகா ஹெர்ட்ஸ் வேகத்தில் ஒன்று விடப்போவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அதே மாதம் அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய மாநாட்டில் கம்பெனித் தலைவர் கிரெய்க் பாரெட், மேடையிலேயே முழங்காலிட்டு வேடிக்கையாக மன்னிப்புக் கேட்டார். நகம் அளவுத் துண்டின் சூடு உலகின் மிகப்பெரிய சிப் கம்பெனியின் தலைவரை முழங்காலில் நிறுத்திவிட்டது!

2006-ல் வந்த கோர்-2 வகையில் சூடு குறைந்தது. 65 வாட் என்ற எண் அன்றுதான் பிரபலமாயிற்று. இந்த 65 என்ற எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது.

டப்பா காலியான கதை

விலை உயர்ந்த புராசசருக்குத் தகுந்த கூலரைக் கம்பெனியே கொடுத்த காலமும் உண்டு. 2010 மார்ச்சில் இன்டெல் விட்ட கோர் ஐ-7 980-எக்ஸ் அன்றைக்கு 999 டாலர். 6 கோர் கொண்ட அந்த 130 வாட் புராசசரோடு வழக்கமான குட்டை விசிறி வரவில்லை. செம்புக் குழாய் வைத்த கோபுரம் போன்ற கூலர் வந்தது. அமைதியாக ஓட ஒரு பக்கம், முழு வேகத்தில் ஓட ஒரு பக்கம் என்று தலையில் ஒரு சுவிட்சு வேறு. பிளாஸ்டிக் ஊசிக்குப் பதில் திருகாணி. கொடுத்த காசுக்கு மரியாதை இருந்தது.

மறு ஆண்டே அது போயிற்று. 2011 நவம்பரில் வந்த கோர் ஐ-7 3960-எக்ஸ் டப்பாவில் கூலர் இல்லை. தண்ணீரால் குளிர்விக்கும் கூலர் ஒன்றை இன்டெல் தனி விலைக்கு விற்றது. 2015 ஆகஸ்டில் 6700-கே, 6600-கே வந்தபோது 'கே' வகை முழுவதுக்குமே டப்பா விசிறி நின்றது. "கே வகை வாங்குகிறவர்கள் எப்படியும் பெரிய கூலர் போடுவார்கள், நாங்கள் கொடுப்பதைத் தூக்கித்தான் போடுகிறார்கள்" என்பது இதற்குச் சொல்லப்படும் சமாதானம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் விசிறி போயிற்றே தவிர, விலை இறங்கவில்லை.

ஏ.எம்.டி. கொஞ்ச காலம் தாராளமாக இருந்தது. 2016-ல் ரெய்த் என்ற பெயரில் நல்ல கூலர் ஒன்றை விட்டது. ரைசன் வகை 2017-ல் வந்ததும் அதில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று வகைகள் வந்தன. 2018-ல் ரைசன்-7 2700-எக்ஸ் வாங்கியவர்களுக்குக் கிடைத்த ரெய்த் பிரிசம் கூலரில் நான்கு செம்புக் குழாய்கள், சுற்றிலும் வண்ண விளக்கு. தைவானைச் சேர்ந்த கூலர் மாஸ்டர் கம்பெனி செய்து கொடுத்தது அது. 2019-ல் 12 கோர் கொண்ட ரைசன்-9 3900-எக்சுக்கும் அதையே கொடுத்தார்கள். டப்பாவோடு வந்த கூலர்களில் அதுதான் நல்லது என்று இன்றும் பழைய மெக்கானிக்குகள் சொல்வார்கள்.

ஆனால் அதே ஆண்டு நவம்பரில் வந்த 16 கோர் 3950-எக்ஸ் வெறும் டப்பாதான். 2020-ல் 5600-எக்சுக்கு மட்டும் சிறிய விசிறி, அதற்கு மேல்பட்ட 5800-எக்ஸ், 5900-எக்ஸ், 5950-எக்சுக்குக் கிடையாது. 2022 செப்டம்பரில் வந்த 7000 வரிசை எக்ஸ் வகை நான்குக்குமே கிடையாது. 2023 ஜனவரியில் எக்ஸ் இல்லாத 7600, 7700, 7900 வந்தபோது அவற்றுக்குக் கூலர் கொடுத்தார்கள்.

நம்மைப் போன்றவர்களுக்கு இதில் தெரிந்துகொள்ளவேண்டியது சுலபம். இன்டெல்லில் பெயருக்குப் பின்னால் 'கே' என்ற எழுத்து இருந்தாலும், ஏ.எம்.டி. 7000 வரிசையில் 'எக்ஸ்' இருந்தாலும் விசிறிக்குத் தனியாகப் பணம் எடுத்து வைக்கவேண்டும். கடைக்காரர் சொல்லும் விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று எழுதி வாங்குங்கள்.

65 வாட் சூட்சுமம்

'கே' இல்லாத ஐ-9 வாங்கினால் விசிறி டப்பாவிலேயே வருகிறதே, அதை வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்கேதான் அந்த 65 என்ற எண் ஆளை ஏமாற்றுகிறது.

2023 ஜனவரியில் வந்த கோர் ஐ-9 13900 புராசசருக்கு 65 வாட் என்று போட்டிருக்கிறார்கள். இது அடிப்படை வேகத்துக்கு உரிய கணக்கு. அதே பட்டியலில் இன்னொரு வரி இருக்கிறது. அதிகபட்ச டர்போ மின்சக்தி 219 வாட்! ஐ-7 12700-க்கு 65-ம் 180-ம். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் வேகம் இரண்டாவது எண்ணில் கிடைக்கிற வேகம். அந்த வேகத்துக்கு வேண்டிய காற்றை டப்பாவோடு வரும் விசிறியால் நெடுநேரம் கொடுக்க முடியாது.

வட்டிக்கடையில் மாத வட்டியைச் சொல்லி ஆண்டு வட்டியைச் சின்ன எழுத்தில் போடுவது மாதிரி. இரண்டும் உண்மைதான். எது பெரிய எழுத்தில் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

டைப் அடிப்பது, கணக்கு எழுதுவது, படம் பார்ப்பது, பையன் ஆன்லைனில் பாடம் படிப்பது ஆகிய வேலைகளுக்கு டப்பா விசிறி தாராளமாகப் போதும். அதைக் கழற்றிவிட்டு வேறு வாங்குங்கள் என்று சொல்லும் கடைக்காரர் தன் வியாபாரத்தைப் பார்க்கிறார். ஐ-3, ஐ-5 போன்ற புராசசர்களை வாங்கும் பெரும்பாலோருக்கு டப்பா விசிறியே பல ஆண்டு உழைக்கும். மணிக்கணக்காக முழு வேகத்தில் ஓடவேண்டிய அனிமேஷன், வீடியோ எடிட்டிங், என்ஜினீயரிங் டிராயிங் போன்ற வேலைகளுக்குத்தான் பெரிய கூலர் வேண்டும். 120 மில்லி மீட்டர் விசிறி வைத்த கோபுரக் கூலர் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாயில் கிடைக்கிறது. சத்தமும் குறைவு. சின்ன விசிறி நிமிடத்துக்கு 3 ஆயிரம் சுற்றுச் சுற்றித் தள்ளும் காற்றைப் பெரிய விசிறி பாதிச் சுற்றில் தள்ளிவிடும்.

ஐ-9-க்குப் பதில் ஐ-7 வாங்கி, மிச்சப் பணத்தில் ஒரு நல்ல கூலர் போட்டால், நாள் முழுவதும் ஓடும் வேலையில் இரண்டாவது மெஷின் முந்திக்கொள்வதும் உண்டு.

இன்னொரு விஷயம். ஏ.எம்.டி.யின் 7950-எக்ஸ் போன்ற புராசசர்கள் 95 டிகிரி வரை போய் அங்கேயே நின்று வேலை செய்யும்படி அமைக்கப்பட்டவை. திரையில் 95 என்று பார்த்ததும் பதறிப்போய்க் கடைக்கு ஓடவேண்டாம். கூலர் பெரிதானால் அது எண்ணைக் குறைப்பதைவிட வேகத்தைக் கூட்டிக்கொள்ளும்.

மும்பைக் காற்று

எந்த விசிறியாலும் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாகப் புராசசரை வைக்க முடியாது. அறையில் 10 டிகிரி ஏறினால் புராசசரிலும் ஏறத்தாழ 10 டிகிரி ஏறும். வெளிநாட்டில் செய்யும் சோதனைகள் பெரும்பாலும் 20, 22 டிகிரி அறையில் நடக்கின்றன. "இந்தக் கூலர் போட்டால் 75 டிகிரிதான்" என்று அங்கே சொன்னால், தகரக் கூரை போட்ட சால் அறையில் மே மாதம் 36 டிகிரியில் அது 90 ஆகிவிடும்.

பென்டியம்-4 காலத்து இன்டெல் குறிப்பேடுகளில், டப்பா விசிறிக்குள் நுழையும் காற்று ஏறத்தாழ 38 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று இருந்தது. அறைக்காற்று இல்லை, பெட்டிக்கு உள்ளே இருக்கும் காற்று. பெட்டிக்குள் அறையைவிட எப்போதும் சில டிகிரி கூடுதல். நாக்பூரில் வெயில் காலத்தில் 45 டிகிரி. அங்கே அந்தக் கணக்கு முதல் நாளே உடைந்துவிடும்.

மும்பையில் வெயிலைவிடத் தொல்லை தூசியும் பிசுக்கும். ஒரே அறையில் சமையல், படுக்கை, கம்ப்யூட்டர் எல்லாம். தாளிக்கும் எண்ணெய்ப் புகை தகடுகளில் படிகிறது. அதன்மேல் ரோட்டுத் தூசி ஒட்டுகிறது. மழைக்காலத்து ஈரம் அதைக் கெட்டியாக்குகிறது. சில மாதத்தில் தகடுகளுக்கு நடுவே கம்பளி நெய்தது மாதிரி அடைத்துக்கொள்ளும். விசிறி சுற்றும், காற்று போகாது. கதகதப்புக்குக் கரப்பான் பூச்சியும் வந்து குடியேறும். பெட்டியைத் தரையில் வைக்காமல் ஒரு ஸ்டூல் மேல் வைத்து, அடுப்புக்கு எதிர்ப்பக்கம் தள்ளி, பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டாமல் விட்டாலே பாதித் தொல்லை தீரும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பெயிண்ட் பிரஷ்ஷால் துடைக்கலாம். ஊதும் மெஷினால் அடிக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளவேண்டும். இஷ்டத்துக்குச் சுற்றவிட்டால் பேரிங் கெடும்.

பாக்ஸ் பீஸ், டிரே பீஸ்

கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் கிழக்குப் பக்கம் இறங்கினால் லாமிங்டன் ரோடு. சென்னை ரிச்சி தெரு மாதிரி. அங்கே ஒரே புராசசருக்குக் கடைக்குக் கடை வேறு வேறு விலை சொல்வார்கள். ஆயிரம், இரண்டாயிரம் குறைவாகச் சொன்னால் சந்தோஷப்படுவதற்கு முன்பு, "பாக்ஸ் பீசா? டிரே பீசா?" என்று கேட்கவேண்டும்.

பாக்ஸ் பீஸ் என்றால் கம்பெனி அட்டை டப்பாவில் வருவது. இன்டெல் டப்பாவுக்குப் பொதுவாக 3 ஆண்டு கியாரண்டி. அதில் வரும் விசிறிக்கும் அது பொருந்தும். டிரே பீஸ் என்பது கம்ப்யூட்டர் தயாரிக்கும் கம்பெனிகளுக்கு மொத்தமாகத் தட்டில் வைத்து அனுப்பப்படுவது. அதில் விசிறி கிடையாது. கெட்டுப்போனால் இன்டெல் நேரடியாகப் பொறுப்பு ஏற்காது, விற்றவரைத்தான் கேட்கவேண்டும். டிரே பீசோடு ஏதோ ஒரு விசிறியைச் சேர்த்துக் கொடுத்து "எல்லாம் ஒன்றுதான் சேட்" என்று சொன்னால் நம்பவேண்டாம். டப்பாவின் லேபிளில் இருக்கும் பேட்ச் எண்ணும் புராசசர் தலையில் பொறித்திருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று, கூலரை மாட்டுவதற்கு முன்பே பார்த்துவிடவேண்டும். மாட்டிய பிறகு எண் பேஸ்டுக்கு அடியில் போய்விடும்.

மாட்டுவதும் கழற்றுவதும்

நல்ல கூலரும் மாட்டுகிற கையால் கெட்டுப்போகும். புராசசர் மூடியும் கூலரின் அடிப்பாகமும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நுணுக்கமான மேடு பள்ளம் உண்டு. நடுவில் காற்று நின்றுவிட்டால் சூடு கடக்காது. அதற்காகத்தான் வெள்ளை, சாம்பல் நிறத்தில் பேஸ்ட் தடவுகிறார்கள். ஒரு பட்டாணி அளவு போதும். பரோட்டாவுக்கு எண்ணெய் விடுவது மாதிரி விட்டால் பக்கத்தில் வழிவதைத் தவிரப் பயன் இல்லை. டப்பா விசிறியின் அடியில் கம்பெனியே பேஸ்ட் தடவி அனுப்பும். அதற்கு மேல் இன்னொரு முறை தடவவேண்டியது இல்லை. ஒருமுறை கழற்றினால் மட்டும் பழையதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவவேண்டும்.

தனியாக வாங்கும் கூலர்களின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதை உரிக்காமலே மாட்டிவிடுவது அவசரக்காரர்கள் செய்கிற வேலை. மெஷின் திறந்த சில நிமிடத்தில் 100 டிகிரியைத் தொட்டால் முதலில் சந்தேகப்படவேண்டியது அதைத்தான்.

இன்டெல் டப்பா விசிறியை 2004 முதல் நான்கு பிளாஸ்டிக் ஊசிகள் தாங்குகின்றன. ஒரு மூலையை அழுத்திவிட்டு அதற்குக் குறுக்கே எதிர் மூலையை அழுத்தவேண்டும். ஒவ்வொன்றும் 'க்ளிக்' என்று சத்தம் கொடுக்கும். பிறகு போர்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் நான்கு கால்களும் முழுதாக வெளியே வந்து விரிந்திருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். ஒரு கால் வராவிட்டாலும் கூலர் ஒருபக்கம் தூக்கிக்கொள்ளும். லோக்கல் ரெயில் நெரிசலில் மெஷினைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து இதை ஒரு முறை பார்த்துவிடவேண்டும்.

ஏ.எம்.டி.யின் 2022-க்கு முந்தைய ரைசன் புராசசர்களில் வேறு ஒரு ஆபத்து. அவற்றில் சாக்கெட்டுக்குள் செருகும் ஊசிக்கால்கள் புராசசரின் அடியில் இருக்கின்றன. பேஸ்ட் காய்ந்து பசை மாதிரி பிடித்திருக்கும். கூலரைச் செங்குத்தாகத் தூக்கினால் புராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கால்கள் வளைந்தால் நிமிர்த்துவது பல் பிடுங்குகிற வேலை. மெஷினை ஒரு பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடேற்றி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கொக்கியைத் தளர்த்தி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகினால் பேஸ்ட் இளகிவிடும். அப்புறம் தூக்கலாம்.